ப்ராஜெக்ட் குழுவுக்கு ஒரே மார்க்கா, ஆளுக்கொரு மார்க்கா?

குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது. இறுதியாண்டு மாணவர்கள் நாலு நாலு பேராகச் சேர்ந்து மென்பொருள் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். நாலு பேருக்கும் ஒரே மார்க் போட்டால் ஒருவர் உழைக்க, மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். போன வருடம் தனித்தனியாக மார்க் போட்டுப் பார்த்திருக்கிறார். குழுவுக்குள் பேச்சே நின்றுபோய் ஆளுக்கொரு துண்டை எழுதி வைத்திருந்தார்கள், கடைசி வாரம் வரை எந்தத் துண்டும் எதோடும் சேரவில்லை. பொது மார்க் எத்தனை சதவீதம், தனி மார்க் எத்தனை சதவீதம் வைக்கலாம் என்று கேட்கிறார். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்ட குழுக்களை என்ன செய்வது என்பதும் அவர் கவலை.

மேடம், சதவீதம் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பிறகு. பாதிக்குப் பாதி வைத்தும் நாசமாய்ப் போன குழுக்கள் உண்டு, முழுக்கப் பொது மார்க் வைத்தும் அருமையாக வேலை செய்த குழுக்கள் உண்டு. பொது மார்க் எதைப் பார்த்துப் போடப்பட்டது, தனி மார்க் யாரோடு ஒப்பிட்டுப் போடப்பட்டது என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. மாணவர் குழுக்களுக்கு நெடுநாள் கைடாக இருந்தவன் என்ற முறையில் என் கருத்து இது: ஒருவருக்குக் கொடுக்கும் தனி மார்க், பக்கத்தில் இருப்பவரின் மார்க்கிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கவே கூடாது. குழுவின் பொது மார்க், அந்த நாலு பேரில் ஒவ்வொருவருக்கும் வேலை எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்து ஏறி இறங்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் சதவீதம் ஐந்து பத்து முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை.

முதலில் வேடிக்கை பார்ப்பவர்கள் விஷயம். சோம்பேறிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்து, 1913-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. தனி ஆள் இழுக்கும் விசை 100 என்றால், இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு 93, நாலு பேரில் 77, எட்டுப் பேரில் 49. ஒருவர் இழுக்கும் நேரத்தில் இன்னொருவர் இழுக்காமல் போவதால் வரும் இழப்பும் இதில் கலந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க 1974-இல் வேறு ஆய்வாளர்கள், ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆள் இழுப்பதுபோல நம்பவைத்து, உண்மையில் தனியாக இழுக்கவிட்டார்கள். அப்போதும் விசை குறைந்தது. அப்புறம் 1981-இல் வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ், லடானே மூவரும் ஆட்களைக் கூட்டாகக் கத்தச் சொல்லி அளந்தார்கள். ஒவ்வொருவர் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தவர்கள் கூட்டத்திலும் முழு மூச்சாகக் கத்தினார்கள். கூடுதல் பரிசு எதுவும் தரவில்லை, கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

இதை நம் வகுப்புக்குப் பொருத்திப் பாருங்கள். முதல் ரிவ்யூவுக்கும் இரண்டாவது ரிவ்யூவுக்கும் நடுவில் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. அந்த நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்பது கைடுக்கும் தெரியாது, குழுவுக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மார்க்கைப் பிரிப்பதற்கு முன்னால் வேலையைக் கண்ணில் படும்படி செய்யுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். போன வாரம் நான் முடித்தது, இப்போது மாட்டிக்கொண்டிருப்பது, யாருடைய உதவி வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் வாயால் மூன்று வரி சொல்ல வேண்டும். டீம் லீடர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசக் கூடாது. இதற்கு மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால் மாட்டிக்கொண்டதை மறைப்பார்கள், உங்களுக்கு வேண்டியதே அந்தத் தகவல்தான்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, குழுக்கள் தங்கள் நிரலைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளம். யார் எத்தனை கமிட் (நிரலில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு) போட்டார்கள், எத்தனை வரி எழுதினார்கள் என்று அதுவே காட்டுகிறதே, அதை வைத்து மார்க் போட்டால் என்ன? போடக் கூடாது என்பேன். உங்கள் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் நாள் சம்பளத்துக்கு இத்தனை கிலோ என்று வைத்து, அதற்கு மேல் பறிக்கும் கிலோவுக்குத் தனிக் காசு கொடுக்கிறார்கள். உழைப்புக்கு உரிய காசு, நியாயமான ஏற்பாடு. ஆனால் கிலோவை மட்டும் பார்த்து, இரண்டு இலை ஒரு மொட்டு என்ற கணக்கை யாரும் பார்க்காவிட்டால் முற்றிய இலையும் கூடைக்குள் போய்விடும். ஃபேக்டரிக்குப் போனதும் எல்லாக் கூடையும் ஒன்றாகக் கலக்கிறது, தூளின் தரம் எல்லோருக்கும் சேர்த்து இறங்குகிறது. கமிட் எண்ணிக்கைக்கு மார்க் என்று அறிவித்தால் மறுநாளே ஒரு வரியை மாற்றி ஒரு கமிட், அதைத் திரும்ப மாற்றி இன்னொரு கமிட் என்று வந்து குவியும். இப்போது சாட்ஜிபிடி நொடியில் முந்நூறு வரி எழுதிக் கொடுக்கிறது. வரிக் கணக்குக்கு இனி ஒரு பொருளும் கிடையாது.

கமிட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. நாலு பேருக்கு இரண்டு லேப்டாப் இருக்கும் குழுக்கள் நம் பக்கம் சாதாரணம். கமிட்டுகளைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் ஒவ்வொரு கமிட்டிலும் அந்தக் கணினியில் பதிந்துவைத்த பெயரைத்தான் எழுதும். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது மஞ்சூரிலிருந்து வரும் பையனாக இருப்பான், லேப்டாப் விடுதியில் இருக்கும் நண்பனுடையது, பதிவில் நிற்பது நண்பன் பெயர். கமிட் செய்தியின் கடைசி வரியில் இன்னொருவர் பெயரையும் கூட்டாகச் சேர்க்க வழி இருக்கிறது, சேர்த்தால் கிட்ஹப் இருவர் பெயரையும் காட்டும். முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கிட் பதிவு பேச்சைத் தொடங்கப் பயன்படட்டும். "இந்த மூன்று வாரமும் உன் பெயரே இல்லையே, என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் காரணம் வெளியே வரும். காய்ச்சலாக இருக்கலாம், கடைசிப் பஸ்ஸாக இருக்கலாம், உண்மையிலேயே ஒன்றும் செய்யாததாகவும் இருக்கலாம்.

கிட்டுக்குத் தெரியாத வேலையும் நிறைய உண்டு. நான் பார்த்த குழுக்களில் ஒன்று, சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு செயலி செய்தது. தினமும் கொடுக்கும் பச்சை இலையின் எடை, வாங்கிய முன்பணம், மாதக் கடைசியில் வர வேண்டிய தொகை எல்லாம் கைபேசியில் தெரிய வேண்டும் என்பது திட்டம். மூன்று பேர் நிரல் எழுதினார்கள். நாலாவது மாணவி இலை எடை போடும் இடத்துக்குப் போய் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். மழை நாளில் இலை ஈரமாக வந்தால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள் என்பது அவள் கொண்டுவந்த செய்தி. அதுவரை அவர்கள் வரைந்துவைத்த டேட்டாபேஸில் எடைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. போட்ட எடை, கழித்த எடை, கணக்கில் சேர்ந்த எடை என்று மூன்றாகப் பிரித்த பிறகுதான் விவசாயி கையிலிருந்த சீட்டோடு செயலியின் கணக்கு ஒத்துப்போனது. கிட் பதிவில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து மார்க் போட்டிருந்தால் அந்தக் குழுவிலேயே மிக முக்கியமான வேலையைச் செய்தவளுக்குக் கடைசி இடம் கிடைத்திருக்கும்.

சரி, குழுவில் உள்ளவர்களையே ஒருவருக்கொருவர் மதிப்பிடச் சொன்னால்? இதற்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ அவற்றில் ஒன்று. மாணவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் புள்ளிகளை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு எடை, அதாவது மார்க்கைப் பெருக்கும் ஒரு எண், கணக்கிடுவார்கள். நாலு பேர் குழு, பொது மார்க் 80, அதில் பாதியை மட்டும் இந்த எடையால் பெருக்குவது என்று வைத்துக்கொள்வோம். எடைகள் 1.2, 1.1, 1.0, 0.7 என்று வந்தால் மார்க் 88, 84, 80, 68 ஆகும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாலு எடைகளையும் கூட்டிப் பாருங்கள், எப்போதும் 4 தான் வரும். ஒருவருக்கு ஏறினால் இன்னொருவருக்கு இறங்கியே தீரும். நாலு பேரும் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் யாராவது ஒருவர் சராசரிக்குக் கீழே போகலாம். தோழிக்கு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாணவி, தன் எடையைத் தானே குறைத்துக்கொண்டவள் ஆகிவிடுகிறாள். போன வருடம் உங்கள் வகுப்பில் பேச்சு நின்றுபோனதற்கு இப்படி ஏதாவது ஒரு ஒப்பீடுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தொழில் உலகமும் இதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஊழியர்களை வரிசைப்படுத்தி, இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கட்டாயம் கீழே என்று பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கே ஒத்துவராத ஏற்பாட்டை இருபது வயதுப் பிள்ளைகள் மேல் ஏற்ற வேண்டாம்.

மலையூர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மாணவர்கள் பலர் ஒரே ஊர், ஒரே பஸ், அப்பா அம்மாக்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நண்பனுக்குக் குறைத்துப் போட்டது எப்படியும் தெரியவந்துவிடும். ஆகவே எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுப்பார்கள். அது இயல்பு, அதற்காக அவர்களைக் கடிந்து பயனில்லை. ஒருவருக்கொருவர் மதிப்பிடுவதை நான் முழுக்க விடச் சொல்லவில்லை. அதைப் பருவத்தின் நடுவில், மார்க் இல்லாமல், உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். "உன் குழுவில் யாருடைய உதவி உனக்கு மிகவும் பயன்பட்டது, எதற்கு?" "எந்த வேலை யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது?" இந்த இரண்டு கேள்வி போதும். குற்றம் சொல்லச் சொன்னால் எழுத மாட்டார்கள், நன்றி சொல்லச் சொன்னால் தாராளமாக எழுதுவார்கள். யார் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை என்று பார்த்தாலே உங்களுக்கு விவரம் புரிந்துவிடும்.

இப்போது பொது மார்க். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் ஸ்லேவின் கூட்டுக் கற்றல் பற்றிப் பல காலம் ஆராய்ந்தவர். குழுவுக்குப் பொதுவான இலக்கு வேண்டும், ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்லும் பொறுப்பும் வேண்டும், இரண்டும் சேர்ந்திருந்தால்தான் குழுவாகப் படிப்பதில் உறுதியான பலன் வருகிறது என்பது அவர் கண்டது. அவர் வகுத்த முறையில் தேர்வைத் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும், உதவி கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் தன் பழைய சராசரியைவிட எவ்வளவு முன்னேறினார் என்பதைச் சேர்த்துக் குழுவின் புள்ளி கணக்கிடப்படும். முன்பு சொன்ன வெப்பிஏ கருவிக்கு இது நேர் எதிர். அங்கே தோழி தடுமாறினால் எனக்கு லாபம், இங்கே தோழி தேறினால் எனக்கு லாபம்.

மென்பொருள் ப்ராஜெக்ட்டுக்கு இதைக் கொண்டுவருவது கடினமில்லை. நூறு மார்க்கை நான் இப்படிப் பிரிப்பேன்: செய்து முடித்த மென்பொருளுக்கு 40, நாலு பேருக்கும் ஒன்றே. தனி மார்க் 40, அதில் 25 வைவாவுக்கு (நேரில் கேட்கும் வாய்மொழித் தேர்வு), 15 பருவம் முழுவதும் செய்த வேலைக்கு. மீதி 20 மறுபடி பொது மார்க், ஆனால் அது நாலு பேரின் வைவா சராசரியிலிருந்து வரும். 25-க்கு 22, 20, 18, 8 என்று எடுத்தார்கள் என்றால் சராசரி 17, அது 20-க்கு 13.6 ஆகிறது. எட்டு எடுத்தவர் பதினாறு எடுக்கும்படி மற்றவர்கள் தயார்செய்திருந்தால் சராசரி 19, பொது மார்க் 15.2. அதாவது ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக நாலு பேருக்கும் தலைக்கு 1.6. முதல் மார்க் வாங்கும் பெண்ணை ஒரு மாலை நண்பனோடு உட்காரவைக்க அது போதும், நண்பன் வராமலே போனாலும் அவளுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இந்தப் பங்கை இருபதுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். மற்றவர் உழைக்காததற்கு ஒருத்தி தண்டனை அனுபவிப்பது எந்தப் பெயரில் நடந்தாலும் அநியாயம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, உங்களுக்கும் உடனே தெரிந்திருக்கும். ஒன்றுமே செய்யாதவர் பொது மார்க் 60-இல் ஐம்பதை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகலாம். அதற்கு ஒரு வாசல் வையுங்கள்: தனி மார்க் 40-இல் குறைந்தது 16 எடுத்தவருக்குத்தான் பொது மார்க் சேரும். எடுக்காதவருக்கு இரண்டு வாரம் தவணை, அதே ப்ராஜெக்ட்டில் சின்னதாக ஒரு வேலை, மறுபடி ஒரு வைவா. பல்கலைக்கழகம் போடும் இறுதி மார்க்கை நாம் தொட முடியாது. உங்கள் கையில் இருக்கும் இன்டர்னல் மார்க்கில் இந்த முறையை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாமே வைவாவைப் பொறுத்திருப்பதால் அதை நடத்தும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிபிடியை (பவர்பாயின்ட் காட்சியை) படிக்கவிட்டு இரண்டு கேள்வி கேட்டு அனுப்பும் வைவா இதற்கு உதவாது. கோவைக்கு இறங்கினால், ப்ராஜெக்ட்டைக் காசுக்குச் செய்துகொடுக்கும் சென்டரில் பிபிடியும் ரெக்கார்டும் (ப்ராஜெக்ட் அறிக்கையும்) சேர்த்தே தருகிறார்கள். மாணவரைத் தன் குழுவின் நிரலைத் திறக்கச் சொல்லி, அங்கேயே ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தேயிலைச் செயலியையே எடுத்துக்கொண்டால், "கழித்த எடை போட்ட எடையைவிட அதிகமாக இருந்தால் சேமிக்கக் கூடாது, செய்து காட்டுங்கள்." எந்தக் கோப்பைத் திறக்கிறார், எங்கே தேடுகிறார், பிழைச் செய்தி வந்ததும் அதைப் படிக்கிறாரா பதறுகிறாரா என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிரல் எழுதாத வேலையை எடுத்தவரிடம் அவருடைய வேலையிலிருந்தே தொடங்குங்கள்: அவர் எழுதிய சோதனைகளில் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லலாம், விவசாயி சொன்னது எந்தத் திரையில் எப்படி மாறி வந்திருக்கிறது என்று கேட்கலாம். பிறகு இன்னொருவர் எழுதிய பகுதியில் ஒரே ஒரு எளிய கேள்வி. இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். சாட்ஜிபிடி எழுதித் தந்ததா என்று துப்பறிய வேண்டிய அவசியமும் இதில் போய்விடுகிறது. தந்ததைப் புரிந்துகொண்டு மாற்றத் தெரிந்தால் மார்க் கொடுங்கள்.

பருவ வேலைக்கான அந்த 15 மார்க்கில், அடுத்தவர் நிரலைப் படித்துக் குறை சொன்னதற்கு நல்ல பங்கு கொடுங்கள். இரவெல்லாம் விழித்து எல்லாவற்றையும் தானே எழுதிவிடும் ஒருவர் அநேகமாக ஒவ்வொரு குழுவிலும் உண்டு. அவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் மெர்ஜ் செய்யக் கூடாது, அதாவது குழுவின் பொது நிரலில் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்தால் அவருடைய வேகம் மற்றவர்கள் எட்டும் அளவுக்கு வரும். அவருக்குக் கோபம் வரலாம். வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாளே இதே விதிதான் என்று சொல்லிப் புரியவையுங்கள்.

மார்க் அல்லாத பரிசுகளை நாம் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். பலர் கூடி எழுதும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் ஒரு மாற்றம் சேரும்போது எழுதியவர் பெயர் மட்டும் நிற்பதில்லை. படித்துப் பார்த்தவர், சோதித்தவர், குறையை முதலில் கண்டு சொன்னவர் என்று தனித்தனி வரியில் பெயர்கள் நிற்கும். ஒருவர் பெயரைச் சேர்ப்பதால் இன்னொருவருக்கு ஒரு துளியும் குறைவதில்லை. ப்ராஜெக்ட் ரெக்கார்டிலும் இப்படி ஒரு பக்கம் வையுங்கள், யார் எதைச் செய்தார் என்று குழுவே எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடட்டும். பிளேஸ்மென்ட்டுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும்போது "நல்ல மாணவி, ஒழுக்கமானவள்" என்று எழுதுவதைவிட, "இலை எடைக் கணக்கு தவறாக இருப்பதைக் களத்துக்குப் போய்க் கண்டுபிடித்தவர்" என்று ஒரு வரி எழுதுங்கள். நேர்காணலில் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கேட்பார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இதோடு சேர்த்து ஒன்று. மாணவர்களுக்கான தேசியப் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் குழுவுக்கு ஆறு பேர், அதில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கத்தில் வைத்த விதி, ஆனால் அந்த ஒரு பெண்ணிடம் பிபிடியையும் அறிக்கையையும் தள்ளிவிட்டு ஐந்து பையன்கள் நிரல் எழுதும் காட்சியைப் பல இடங்களில் பார்க்கிறேன், மனசு கனக்கிறது. பருவத்தில் ஒரு முறையாவது வேலைகள் கை மாற வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். முடிந்தால் ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் என்று விடாமல் இருவராகப் போடுங்கள். பரிசுப் பணம் வந்தால் சமமாகப் பிரிப்பது என்று போட்டிக்குப் போவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஜெயித்த பிறகு யார் எவ்வளவு செய்தார் என்று பேச ஆரம்பித்தால் நட்பே முறியும்.

குழு சேர்க்கும்போது பஸ்ஸையும் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் போகிறவரையும் மஞ்சூர்ப் பக்கம் போகிறவரையும் ஒரே குழுவில் போட்டால் வகுப்பு முடிந்த பிறகு சேர்ந்து உட்கார அவர்களுக்கு நேரமே கிடைக்காது. அதற்கு வாரத்தில் ஒரு லேப் நேரத்தை ப்ராஜெக்ட்டுக்கென்று ஒதுக்குவதுதான் வழி. அதுவும் முடியாவிட்டால் குழுவில் இரண்டு பேராவது ஒரே வழியில் போகிறவர்களாக இருக்கட்டும்.

பாதி தூரம் வந்துவிட்ட குழுக்களுக்கு இப்போது மார்க் பிரிவை மாற்றாதீர்கள். ஒரு விதியை நம்பி வேலையைப் பிரித்துக்கொண்டவர்களிடம் நடுவில் விதியை மாற்றினால் அடுத்து நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டார்கள். பத்து நிமிட வாரக் கூட்டத்தை இந்த வாரமே தொடங்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இறுதி வைவாவில் நிரலைத் திறந்து மாற்றச் சொல்வீர்கள் என்பதை இப்போதே அறிவித்து, மாதிரிக்கு ஒரு கேள்வியையும் கொடுத்துவிடுங்கள். ஒருவர் முழுக்க ஒதுங்கிவிட்ட குழு இருந்தால் முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று கேளுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் எஞ்சிய மூவரிடம் ஒரு பகுதியைக் கைவிடச் சொல்லுங்கள், எதை என்று அவர்களே முடிவு செய்யட்டும். மூன்று பேர் செய்யக்கூடிய வேலைக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாமோ அதை வைத்து அவர்களுக்கு மார்க் போடுங்கள். ஒதுங்கியவருக்கு அந்தக் கைவிட்ட பகுதியையே தனி வேலையாகக் கொடுக்கலாம்.